தட்டும் கைந்நூலும்

தந்தை சேர்த்துவைத்த பழைய கணனி விளையாட்டுகளை மகன் ஒதுக்கத் தொடங்கினால், முதலிற் குப்பைக்குப் போவன கைந்நூல்களே. வெறுங் காகிதந்தானே என்பது அவன் எண்ணம். 1990இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’வின் டொஸ் வடிவத்தை அவன் ஒருமுறை இயக்கிப் பார்க்கட்டும். முதற் கட்டத்தைக் கடந்ததும், எழுத்துகள் குறித்த குப்பிகள் பல அவன்முன் தோன்றும். கைந்நூலின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அதற்குரிய குப்பியையே பருகவேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால் உயிர் போகும். களவுப் பிரதிகளைத் தடுக்க அன்று வகுத்த உபாயம், இன்று காசு கொடுத்து வாங்கியவரின் பிள்ளையையே வாசலில் மறித்துவிடுகிறது.

பிளொப்பித் தட்டுகளின் நிலையோ வேறு. காந்தப் பூச்சு காலத்தோடு தளரும். ஈரம் பட்டாற் பூஞ்சணமும் படரும். ஆதலால் விற்பதா, கொடுப்பதா என்ற வழக்கெல்லாம் பின்னர். தட்டிலுள்ளதைப் படியெடுப்பதே முதல் வேலை. அப்படியை ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் மென்பொருள் இன்றைய கணனியிலும் இயக்கும். பின்பு பெட்டி, தட்டு, கைந்நூல் மூன்றையும் பிரிக்காது, ஐக்கிய அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரிலுள்ள ஸ்ட்ரோங் நூதனசாலை போன்றதொரு காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கைந்நூலின் ஓரத்தில் தந்தை பென்சிலாற் கீறிய வழிப்படம் ஏதும் இருந்தால், அதை அழித்துச் சுத்தப்படுத்தவேண்டாம்.