கடைசியில் வருகிறவர்களுக்கு

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமைத் தோழர்களுக்கு,

ஒவ்வொரு ரைடு முடிந்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் நன்றி சொல்லிக்கொள்கிறோம். கைகூப்பும் படம் ஒன்று, கட்டைவிரல் ஒன்று, அதோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி எல்லோருக்கும் உண்டு. ஆனால் இந்தக் கடிதம் முதலில் போய்ச்சேர வேண்டியது வரிசையின் கடைசியில் வருகிறவருக்கு. ஸ்வீப் என்று நாம் கூப்பிடும் அந்த ஆளுக்கு.

நம் குழுவைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் குழுக்கள் பல உண்டு. எங்களுடையது அதில் ஒன்று. ஞாயிறு காலை 5 மணிக்குத் திருவான்மியூரில் கூடுவோம். முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா, ஹெல்மெட் வார் மாட்டியிருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்புவோம். நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி என்று போய், மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது பெரிய ரைடு. போக மட்டுமே 40 கிலோமீட்டருக்கு மேல். முடியாதவர்கள் முட்டுக்காடு பாலத்தோடு திரும்பிவிடலாம். முன்னால் வழிநடத்த ஒருவர், கடைசியில் ஒருவர். அந்தக் கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. நடுவில் யார் நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். சட்டம் என்று இந்தக் குழுவில் இருப்பது இது ஒன்றுதான்.

நான் புதுக்கோட்டைக்காரி. சைக்கிள் கற்றுக்கொண்டது 1991இல், அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முனைந்து நின்றார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறிவிட்டோம். குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பி வாங்கிய பெண்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்தை வலம்வந்தார்கள். நானும் அதில் ஒருத்தி.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், அறிவொளித் தொண்டர். அப்பாவின் ஹெர்குலிஸ் என் உயரத்துக்குப் பெரியது. அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரைப் பிடித்தபடி கண்மாய்க் கரை நெடுக என் பின்னாலேயே ஓடிவருவார். “சக்கரத்தைப் பாக்காதே, தூரத்துல பாரு, மிதி” என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. காலையில் என் பின்னால் ஓடியவர் மாலையில் வேறொருத்தியின் பின்னால் ஓடினார். அந்த அக்காவுக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. அந்த வயதில் யாருக்கும் தோன்றாது.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் சைக்கிள் நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை. பஸ், பிறகு ஸ்கூட்டர், பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்க்கை போன போக்கில் தானாக நின்றது. 2020இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் ஊரே சைக்கிள் கடை வாசலில் போய் நின்றதல்லவா, அப்போது என் மகளும் ஒன்று வாங்கினாள். வேலைக்கு வெளியூர் போனபோது அதை விட்டுவிட்டுப் போனாள். அதைத் துடைத்து எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தேன்.

வயதை யாரும் கேட்கவில்லை. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள்களுக்கு நடுவே என்னுடையது என்ன விலை என்றும் கேட்கவில்லை. “சாப்பிட்டு வந்தீங்களா அக்கா, தண்ணி பாட்டில் இருக்கா” என்றுதான் கேட்டீர்கள்.

முதல் ஞாயிறு பாலவாக்கம் தாண்டுவதற்குள் முட்டி வலிக்கத் தொடங்கியது. எனக்குப் பின்னால் வந்த தம்பி, “ஒரு நிமிஷம் இறங்குங்க அக்கா” என்றார். தெருவிளக்கு வெளிச்சத்தில் சீட்டுக்குக் கீழே இருந்த கிளாம்பைத் தளர்த்தி, இரண்டு விரல் அளவுக்கு உயர்த்தி இறுக்கினார். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். மடங்கியே இருந்தால் பாரம் முழுக்க முட்டிக்குத்தான் போகும் என்று விளக்கினார். அடுத்தது கியர். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட லேசான கியரில் கால் வேகமாகச் சுழல்வது நல்லது, நிமிஷத்துக்கு 80 சுற்று வந்தால் முட்டி தப்பும் என்றார். டாக்டரிடம் போக வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வலி அது. சீட்டின் உயரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்த நேரத்தில் மற்றவர்கள் நீலாங்கரை தாண்டிப் போயிருந்தார்கள். அந்தத் தம்பி அவர்களைப் பிடிக்க அவசரப்படவே இல்லை.

பஞ்சர் போடும் அழகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருவிடந்தைக்குப் பக்கத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் பின் டயர் இறங்கிவிட்டது. டியூபைக் கழற்றி வேறொன்று மாட்டுவது பழகினால் யாருக்கும் வரும். நான் பார்த்து வியந்தது, அன்று கடைசியில் வந்தவர் அதற்கு இடையில் செய்த வேலையை. டியூபை உருவிய பிறகு, டயரின் உட்புறத்தில் விரல்நுனியை வைத்து, ஒரு முழுச் சுற்று, மிக மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகவெட்டியால் பிடித்து இழுத்தால் தலைமுடி கனத்தில் ஒரு எஃகுக் கம்பி. லாரி டயர் கிழிந்து சிதறும்போது உள்ளே இருக்கும் கம்பி இப்படி இழை இழையாகப் பிரிந்து சாலையோரத்தில் கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விடும். இன்னொரு முறை கண்ணாடிச் சில்லு டயரையே வெட்டியிருந்தது. பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து வெட்டுக்கு உள்பக்கமாக அணைத்து வைத்துக் காற்றடித்தீர்கள். அந்த டயர் வீடுவரை தாங்கியது.

திருவிடந்தையில் அந்தக் கல்லூரிப் பெண் மூன்று தடவை “சாரி அண்ணா” என்று சொல்லிவிட்டாள். “பஞ்சருக்கு எதுக்கும்மா சாரி? பம்பை நீ பிடி, கத்துக்கோ” என்று அவள் கையில் கொடுத்தீர்கள். நாங்கள் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் தீர்ந்திருந்தது. ஆறிய இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று பேசினீர்கள்.

முன்னால் போகிறவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை இந்தச் சாலையில் வாடைக்காற்று. போகும்போது முதுகைத் தள்ளிவிடும், திரும்பும்போது, அதுவும் கால் ஓய்ந்த நேரத்தில், முகத்தில் அறையும். முட்டுக்காடு பாலத்தில் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் கடல். கோடையில் இது தலைகீழாகும். தெற்கே போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது காற்று உதவும், ஆனால் எட்டு மணிக்கே வெயில் கொளுத்தும். ஒருவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் ஓட்டினால் உழைப்பில் கால் பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். அந்த மிச்சத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்குகிறவர் முன்னால் போகிறவர்தான். கொஞ்ச தூரம் போனதும் முழங்கையை அசைத்துவிட்டு விலகிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னேறுவார். நான் முன்னே போக வேண்டிய முறை வரும்போது மட்டும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

பள்ளம் வந்தால் கை கீழே காட்டும். வண்டி நின்றிருந்தால் கை முதுகுக்குப் பின்னால் போய் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று சொல்லும். “மணல்!”, “நாய்!”, “பின்னால பஸ்!” என்று ஒரு குரல் எழுந்தால் அது வரிசை நெடுகக் கைமாறிக் கடைசிவரை வந்து சேரும். தவறான பக்கத்தில் எதிரே வரும் பைக், ஞாயிற்றுக்கிழமை என்றாலே பந்தயத் தடமாக நினைத்துப் பறக்கும் கார், இவற்றுக்கு நடுவே நாங்கள் முழுதாக வீடு திரும்புவதற்கு இந்தக் கைகளும் குரல்களும்தான் காரணம்.

நம் குழுவில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. விடிகாலை இருட்டில் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாம் மட்டும் இல்லை. இரவுக் காவல் முடிந்து போகிறவர், கட்டட வேலைக்குப் போகும் வடக்கத்திப் பையன்கள், கோவளத்தில் மீன் எடுக்கப் போகிறவர். நாம் உடம்புக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓட்டுகிறோம், அவர்கள் பிழைப்புக்காக ஓட்டுகிறார்கள். பலருக்கு விளக்கு கிடையாது. உங்கள் பையில் எப்போதும் ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை இருக்கும். நிறுத்தி, வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, மட்கார்டில் ஒட்டிவிட்டுப் போவீர்கள். புகைப்படம் எடுக்க மாட்டீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கடைசியில் வருகிறவர்கள் வேகமாக ஓட்ட வராதவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம்மில் சிலர் பிரெவே என்னும் நெடுந்தூர ரைடு ஓட்டுகிறவர்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் வெளியார் உதவி கிடையாது, பஞ்சரை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். 1891இல் தொடங்கி, இப்போது நாலாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கு ஒருவர் தயாராகிக்கொண்டிருக்கிறார். 1,200 கிலோமீட்டர், பெரும்பாலோருக்கு 90 மணி நேரம் கெடு. இரவு பகல் பாராமல் பயிற்சி செய்கிற அந்த மனிதர், தன் முறை வரும் ஞாயிறில், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் எனக்குப் பின்னால் வருகிறார். பயிற்சிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கேட்டால், “அது வேற, இது வேற அக்கா” என்பார்.

வேகக் குழுக்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அணி ஒரே மூச்சாகப் போவதைப் பார்ப்பதே ஆனந்தம்தான். ஆனாலும் ஒரு குழு நல்ல குழுவா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது சராசரி வேகத்தை அல்ல. கடைசியாக வீடு போய்ச் சேர்ந்தவர் அடுத்த ஞாயிறும் வருகிறாரா என்பதைத்தான். எங்களோடு இப்போது வரும் பெண்கள் பலர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: “இருட்டுல தனியா விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?” உத்தண்டிக்கு அப்பால் விளக்கில்லாத இடங்களில் பின்னால் எப்போதும் ஒரு சக்கரத்தின் சத்தம் வரும் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். வீட்டில் இருப்பவர்களும் அதைக் கேட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஊருக்கு ஊர் புதிதாகச் சைக்கிள் குழு தொடங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஜெர்சியும் லோகோவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் வரப்போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவர் மேலேயே சுமத்தாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், தோழர்களே. அடுத்த மாதத்துக்கான பட்டியல் போடும்போது கடைசி ஆளின் இடத்தில் ஒரு ஞாயிறுக்கு என் பெயரை எழுதுங்கள். முட்டுக்காடு வரை போகும் புதியவர்களுக்குப் பின்னால் நான் வருகிறேன். பஞ்சர் போட நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். பம்பும் இரண்டு டியூபும் நகவெட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் புதுக்கோட்டை அக்கா