எப்போது தொடங்கியது?



சுவிசேஷங்களில் நோயுற்றோரைக் குறித்து வாசிக்கையில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணுக்கு 12 ஆண்டுகள். முதுகு நிமிராத பெண்ணுக்கு 18 ஆண்டுகள். பெதஸ்தா குளத்தருகே கிடந்த மனிதனுக்கு 38 ஆண்டுகள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எவ்வளவு காலம் துன்பப்பட்டார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தன் நோயைக் கணக்கிட்டு எழுதிவைப்பது அவிசுவாசம் என்று எவரேனும் சொன்னால், அதை ஏற்காதீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் நான் சென்று ஜெபிக்கும் ஒரு வீட்டில், ஒரு சகோதரிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் இருக்கிறது. மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல நம் நரம்புகளின்மேலும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரித்துவிடுவதே இந்நோய். 1868-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தெளிவாக விவரித்தார். உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இதனோடு வாழ்வதாக 2020-இல் கணக்கிடப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

இந்நோயின் கொடுமை, அது வெளியே தெரியாததே. காலையில் குடம் தூக்கிய கை, பிற்பகலில் தம்ளரைப் பிடிக்க மறுக்கிறது. கண் மங்குகிறது, கால் மரத்துப்போகிறது. “காலையில் நன்றாகத்தானே இருந்தாய்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சகோதரியிடம் பதில் இல்லை. நோயைக் காட்டிலும் அதுவே அவரை அதிகமாக அழவைத்தது.

நம் ஊர்க் கோடையில் இது இன்னும் கடுமையாகிறது. உடல் சூடேறினால், உறை அரிக்கப்பட்ட நரம்பில் செய்தி செல்வது தடைப்படும். உடல் வருந்தி உழைத்தபின் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் எழுதிவைத்தார். உடலின் சூடே அதற்குக் காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. உடல் குளிர்ந்தவுடன் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். நோய் புதிதாகத் தாக்குவது வேறு. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல், புதிய தொல்லை 24 மணி நேரத்திற்குமேல் நீடித்தால் மருத்துவர்கள் அதைத் தாக்குதலாகக் கருதுகிறார்கள். தேவையெனில் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். வெயிலின் சோர்வைத் தாக்குதல் என்று எண்ணினால் தேவையற்ற ஸ்டீராய்டு உடலில் ஏறும். தாக்குதலை வெயில் என்று தள்ளிவிட்டாலோ சிகிச்சை தாமதமாகும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பது, எப்போது தொடங்கியது, எப்போது நீங்கியது என்பதையே.

இங்கேதான் கைப்பேசி உதவுகிறது. திரையில் தோன்றும் தக்காளியை விரல்களால் நசுக்குதல், உருவங்களை வரைதல், இரண்டு நிமிடம் நடத்தல் ஆகியவற்றால் கையையும் காலையும் சோதிக்கும் ஃபிளட்லைட் என்னும் செயலியை ரோஷ் நிறுவனம் இந்நோயாளிகளுக்காகவே உருவாக்கியது. அப்படிப்பட்ட செயலி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. நம் சகோதரி செய்வது மிக எளிது. எழுத விரல் ஒத்துழைக்காத நாளில் தம் குரலையே பதிவு செய்கிறார்: என்ன தொல்லை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது வெயிலில் நின்றாரா, காய்ச்சல் உண்டா, எந்த வேலை முடியாமற்போயிற்று, எப்போது சரியாயிற்று. நாளுக்கு ஒருமுறை, இரவு உணவுக்குப் பின். அவ்வளவே.

சில மாதப் பதிவுகளை மருத்துவரிடம் கொண்டுசென்றபோது, தொல்லைகளில் பெரும்பாலானவை நண்பகலில் அடுப்படியில் நின்றபின் வந்து, மாலைக்குள் நீங்கியவை என்பது தெரிந்தது. ஒன்று மட்டும் நான்கு நாள் நீடித்திருந்தது. அதைப் பார்த்தே மருத்துவர் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அந்தப் பதிவுகளை வீட்டாரும் கேட்டார்கள். இப்போது சமையல் விடியற்காலையிலேயே முடிகிறது. பாதி வேலையைக் கணவர் செய்கிறார்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். மணிக்கொருமுறை உடலைச் சோதித்துக்கொண்டிருந்தால் அச்சமே வளரும். செயலி நோயைக் கண்டறியாது. அதன் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஜெபித்துவிட்டோம் என்று மருந்தை விடவும் வேண்டாம். திடீரென முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். பதிவு செய்ய நில்லாமல் 108-ஐ அழையுங்கள். உங்கள் நோய்விவரத்தை எந்தச் செயலி யாருக்கு அனுப்புகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே தகுதியுள்ளவர்கள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்திற்குச் சென்னையிலும் கிளை உண்டு.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் “முடியவில்லை” என்று சொல்லும்போது, “காலையில் நன்றாகத்தானே இருந்தாய்” என்று கேளாதிருங்கள். அருகில் அமர்ந்து, “எப்போது தொடங்கியது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் குறித்துவைக்க உதவுங்கள். வெளியே தெரியாத வேதனையோடு இவ்வாரத்தைக் கடக்கிற ஒவ்வொருவரையும் தேவன் தாங்குவாராக.

ஜெபங்களுடன்,
உங்கள் போதகர்