தஞ்சாவூரில் இன்னொரு விமானம்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் யாரும் விமானம் பார்க்காமல் திரும்புவதில்லை. பெரிய கோயில் விமானம், 216 அடி. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்ததிலிருந்து இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நான் சொல்ல வந்தது அசைகிற விமானம்.

புதுக்கோட்டை சாலைப் பக்கம் இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. அது 2013 மே 27-ல் முறையான விமானப்படைத் தளமாகியது. 2020 ஜனவரி 20-ல் சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்களோடு 222-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே குடியேறியது. தென்னாட்டுக்கு அதுதான் முதல் சுகோய் படை. பெயர் டைகர்ஷார்க்ஸ். சோழன் ஊராச்சே, புலிக்குக் கேட்கவா வேண்டும்? வங்கக் கடலுக்குச் சுறா.

இந்த விமானங்களைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். ஒரத்தநாடு பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஒரு வரப்பில் நின்றால் போதும். ஆனால், சத்தம் கேட்ட பிறகு நிமிர்ந்தால் லேட். நடவு நடுகிற பெண்கள் நிமிர்வதே இல்லை. வந்த புதிதில் அண்ணாந்து பார்த்தார்களாம். கூலி நேரம் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் என் மாமா இருக்கிறார். கல்லணைக் கால்வாயை அங்கே புதாறு என்பார்கள், மேட்டூர் அணையோடு 1934-ல் வந்தது. அந்தத் தண்ணீரில் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் சம்பா. அதற்கு முன்னால் அவர் விமானப்படையில் மெக்கானிக். அதுவும் இதே 222-ல்! 1985-ல் அந்த ஸ்குவாட்ரனுக்கு மிக்-27 வந்த பிறகு, வடக்கே குளிரில் ஸ்பேனர் பிடித்தவர்.

இப்போது மாமாவுக்குக் கண்ணில் பிரஷர். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

"மாப்ளே, என் ஸ்குவாட்ரன் என் வயலுக்கு மேலயே வந்து நிக்குது. சத்தம் கேக்குது, ஆளைத்தான் தெரியல" என்றார் போன பொங்கலுக்கு.

சிங்கப்பூர் போன ஆபீஸ் நண்பரிடம் "ஒரு சுகோய்-30 கிட் வாங்கி வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். டிரம்பெட்டர் கம்பெனி, எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பெட்டியைத் திறந்தால் எம்கேகே. அதாவது, சீனாவுக்குச் செய்தது!

சுகோய்-30-ல் இரண்டு பங்காளி வீடு. இர்குட்ஸ்க் தொழிற்சாலையில் பிறந்தது நம்முடைய எம்கேஐ. கொம்சொமோல்ஸ்க்கில் பிறந்தது சீன எம்கேகே. தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"அப்படியே ஒட்டிக் குடுங்களேன், மாமாவுக்கா தெரியப்போவுது?" என்றாள் மனைவி.

அங்கேதான் சிக்கல். கண்ணால் பார்க்கிறவரைப் பெயிண்டும் ஸ்டிக்கரும் கொண்டு ஏமாற்றிவிடலாம். மாமா விரலால் பார்க்கப் போகிறவர். அதிலும் மெக்கானிக் விரல்.

முதலில் வால். சீன விமானத்தின் இரண்டு வால் துடுப்புகளும் உயரம், உச்சி தட்டை. நம்முடையது குட்டை, நுனி சாய்வாகச் சீவியது. படத்தை வைத்துப் பென்சிலில் குறித்து, பிளேடால் அறுத்தேன். முழு விமானமே 30 சென்டிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் சறுக்கினாலும் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர்.

அடுத்தது, சீன விமானத்தில் இல்லவே இல்லாத சமாசாரம்: பெரிய இறக்கைக்கு முன்னால், பக்கத்துக்கொன்றாகச் சின்ன இறக்கை. கனார்டு என்பார்கள். காலாவதியான என் கிரெடிட் கார்டை நறுக்கினேன். அந்தக் கார்டால் எனக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான். ஃபெவிக்விக்கில் ஒட்டி, அடிப்பக்கத்து மேட்டுக்குக் குழாய் ஓட்டை அடைக்கிற எம்-சீல். மறுநாள் முழுக்க உப்புத்தாள் தேய்ப்பு. ஆபீஸில் விரலைப் பார்த்து, "வீட்ல பாத்திரம் நீங்கதானா?" என்றார்கள்.

பின்னால் ஜெட் வாய் இரண்டு. நம் விமானத்தில் அவை 15 டிகிரி வரை திரும்பும். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுவது அதனால்தான். இன்ஜினை நிறுத்திப் பிரஷர் இறங்கியதும், களைத்த மாடு மாதிரி தொங்கிவிடும். பெங்களூர் ஏரோ இந்தியா படங்களை உற்றுப் பார்த்தால் தெரியும். அறுத்து, கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டினேன். மாமா கைக்குப் போவது நிற்கிற விமானம்தானே?

வேடிக்கை என்னவென்றால், நிஜ எம்கேஐயும் இப்படிக் கைவைத்துத் தேற்றிய விமானம்தான். ரஷ்ய உடம்பு, உள்ளே பிரெஞ்சு, இஸ்ரேல், நம் நாட்டுக் கருவிகள். தஞ்சாவூருக்கு அதுவும் போதவில்லை. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்க வேண்டும். எடை இரண்டரை டன். 60 கிலோ நெல் மூட்டையாகக் கணக்குப் போட்டால் 40-க்கு மேல். நல்ல வருஷத்தில் ஒரு ஏக்கர் சம்பா! அத்தனையும் வயிற்றில் கட்டிக்கொண்டு பறப்பதற்காக, நாசிக்கில் எச்.ஏ.எல். தொழிற்சாலை விமானத்தின் அடிப்பாகத்தைப் பலப்படுத்தியது. வங்கக் கடல் மேல் முதல் தடவை ஏவிப் பார்த்தது 2017 நவம்பர் 22-ல். என் பிரம்மோஸ், ஆபீஸ் பால்பாயின்ட் பேனாவின் உடம்பு. எம்-சீலில் மூக்கு.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை காபி வைத்துவிட்டு நின்றார். மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து ஆரம்பித்தார். பேச்சே இல்லை. கனார்டில் விரல் நின்றது. திரும்ப வந்தது.

"இதான் முன்னாடி வச்சிருக்கிற குட்டி இறக்கையா... கேள்விப்பட்டிருக்கேன்."

வயிற்றில் பேனாவைத் தடவி, "கனமா இருக்குமே" என்றார். ஜெட் வாய்க்கு வந்ததும், "என்னடா, தொங்குது?"

விவரம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எங்க மிக்ல இந்த வேலையெல்லாம் கிடையாது. ஒரே குழாய், நேரா நெருப்பு."

மிக்-27 எல்லாம் 2019 டிசம்பர் 27-ல் ஜோத்பூரில் ஓய்வு பெற்றாகிவிட்டது. அடுத்த மாதமே 222 இங்கே வந்துவிட்டது. மாமா அந்தத் தேதிகளை எல்லாம் பேத்தி பிறந்த நாள் மாதிரி சொல்கிறார்.

விமானத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்: "மாப்ளே, மிக்-27 கிடைக்குமா?"

"கிட் கிடைக்கிறது கஷ்டம் மாமா. மிக்-23 கிடைக்கும்."

"அதுவே போதும்யா. எல்லாம் ஒரே குடும்பம். 23-க்கு மூக்குல ரேடார், 27-க்குக் கிடையாது, வாத்து மூக்கு. மூக்கைச் சீவிடு. காத்து உள்ள போற வாய் ரெண்டையும் மாத்தணும், அது நான் சொல்றேன், நீ எழுதிக்க."

பேனா கேட்டார். என் பேனா அவர் கையிலிருந்த விமானத்தின் வயிற்றில் இருந்தது. அத்தை உள்ளே போய் பேத்தியின் பென்சிலைக் கொண்டுவந்தார்.