கிலோ விலைக்கு ஒரு சிற்பம்

சென்னை பாடியில் ஒரு டிங்கர் பழைய இரும்பில் சிலை செய்கிறார், அவசியம் போய்ப் பாருங்கள் என்று ஓவியர் நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போன நேரம் அவர் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கழுவித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். காலி டேங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். அதனால் நீர் நிரப்பி, வெட்டிரும்பை வைத்து மெல்லத் தட்டித்தான் திறக்கிறார்.

"இந்த வளைவுல ஒரு கன்னம் இருக்கு சார்" என்றார். மீன்கூடை சுமக்கும் பெண்ணின் முகம் அந்தத் தகட்டிலிருந்துதான் வரப்போகிறது.

அந்த டிங்கர் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் கடைக்குக் கையாளாகப் போனவர். ஒடுங்கிய மட்கார்டை நிமிர்த்தும் வேலை. தகட்டின் உட்புறம் 'டாலி' என்கிற இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்ட வேண்டும். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். கம்பெனி மூடிய பின் கேட், கிரில். ஒரு வீட்டுக்காரர் கேட்டில் மயில் வைக்கச் சொன்னார். மயிலை முடித்த பிறகு வெறும் கம்பி வேலையில் மனம் ஒட்டவில்லை என்கிறார்.

அந்த டாலி இன்னும் அவர் கையில் இருக்கிறது. ஓரமெல்லாம் தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. டேங்க் தகட்டில் நாலு தட்டு தட்டுகிறார், உள்ளங்கையால் தடவுகிறார், மறுபடி தட்டுகிறார். எனக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் அவர் கை நின்றது. "இங்க மேடு." வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டியதும்தான் எனக்குத் தெரிந்தது. தட்டத் தட்டத் தகடு நீளும். அளவு மீறினால் தொப்பை விழும். அப்போது அந்த இடத்தைப் பழுக்கக் காய்ச்சி ஈரத்துணி வைத்துச் சுருக்குகிறார்.

இரும்பில் எது ஒட்டும், எது விரியும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பேரிங்கிலும் லாரிப் பட்டாவிலும் கார்பன் அதிகம். சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் பற்றின் ஓரத்திலேயே விரிசல் விடும். வைத்த பிறகும் சாம்பலில் புதைத்து நிதானமாக ஆறவிட வேண்டும். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு.

இரும்புச் சிற்பம் உலகெங்கும் பட்டறை வழியாக வந்த கலைதான். ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கோன்சாலேஸ் 1918-ல் பாரிஸ் அருகே ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றார். பத்து வருடம் கழித்துப் பிக்காசோ இரும்பில் சிற்பம் செய்ய விரும்பியபோது தேடிப் போனது அவரைத்தான். அமெரிக்காவின் டேவிட் ஸ்மித் 1925-ல் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; இரண்டாம் உலகப் போரின்போது ரயில் என்ஜின் கம்பெனி ஒன்றில் டாங்கிகளுக்கு வெல்டிங் செய்தார். பழைய விவசாயக் கருவிகளைக் கொண்டு ஒரு சிற்ப வரிசையே படைத்தார். இருவருக்கும் இன்று அருங்காட்சியகங்களில் இடமிருக்கிறது.

நம் ஊரிலும் கலையும் பட்டறைத் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தவைதான். 1850-ல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்றைய கவின் கலைக் கல்லூரி, கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்தது. 1898-ல் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கேதான் ஆரம்பித்துவைத்தார். பின்னாளில் அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவின் உழைப்பாளர் சிலை. புதுப்பேட்டை அந்தக் கல்லூரிக்கு எட்டிவிடும் தூரம். அண்ணனோ அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

இப்போது அவருக்கு வேலை தருபவர் ஒரு கான்ட்ராக்டர். பூங்காவுக்கும் ரவுண்டானாவுக்கும் சிலை வைக்கும் டெண்டரை எடுப்பவர். அவர் அண்ணனிடம் முதலில் கேட்பது, "கிலோ எவ்வளவு?" காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய இரும்பு, முகமும் தோளும் பெற்ற பிறகும் எடை போட்டே போகிறது. இது பச்சைச் சுரண்டல். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கும், அதிகாரிகள் பெயர் இருக்கும், ஒப்பந்ததாரர் பெயரும் இருக்கும். கன்னத்தைத் தட்டி எடுத்த கைக்கு அதில் ஒரு வரி கிடையாது.

உங்கள் ஊரில் இரும்புச் சிலை ஏதாவது நின்றால் பீடத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். செய்தவர் பெயர் இல்லையென்றால் நகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். டெண்டரிலேயே சிற்பியின் பெயரும் அவருக்குரிய ஊதியமும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.