சாவி இருக்கு... பத்திரம் எங்கே?

டெல்லி போகிற ரயிலில் தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். லக்கேஜைப் பாருங்கள். பெரிய பெட்டி மட்டும் இருந்தால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பெரிய பெட்டியோடு, வாழைநாரில் கட்டிய வெற்றிலைக் கட்டும் காடாத் துணியில் சுற்றிய தோசைக்கல்லும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், நம்ம ஆள்!

எங்களிடம் மொத்தம் பதினோரு உருப்படிகள். அதில் துணிமணி இரண்டே பெட்டி. மிச்சம் ஒன்பதிலும் இருந்தது கும்பகோணம். காபிப் பொடி, பித்தளை ஃபில்டர், வடகம், மோர் மிளகாய், ஒரு ஜோடி குத்துவிளக்கு, மஞ்சள் துணியில் முடிந்த துளசி விதை... அம்மாவை விட்டிருந்தால் மகாமகக் குளத்தையும் ஒரு கூஜாவில் பிடித்திருப்பாள்.

எல்லாம் தம்பிக்கு. நொய்டாவில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். 2023-ல் சாவி கொடுத்தார்கள். பால் காய்ச்சும்போது அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். போக முடியவில்லை. அதனால் போன வருஷம் பசங்களுக்கு அரையாண்டு லீவு விட்டதும், அம்மா, நான், வீட்டுக்காரி, ரெண்டு வாண்டுகள் என்று கிளம்பிவிட்டோம்.

சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு இரவு, ஒரு பகல் ஓடுகிறது. தூரம் 2,180 சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்தான். ஆனால் விமானத்தில் தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொள்ள விடுவார்களா?

விஜயவாடாவும் கிருஷ்ணா நதியும் தூக்கத்தில் போயின. விடிந்தபோது வாரங்கல். இட்லிக் கட்டைப் பிரித்தோம். மிளகாய்ப் பொடி வாசனை கம்பார்ட்மென்ட் முழுக்கப் பரவி, எதிர் சீட் ஜான்சிக்காரர் மூன்று இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தன் டப்பாவைத் திறந்து பூரியும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா தமிழிலும் அவர் ஹிந்தியிலும் முழங்கால் வலியைப் பற்றி நாக்பூர் வரை பேசிக்கொண்டே வந்தார்கள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது!

ராமகுண்டம் தாண்டி கோதாவரி வந்தது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்தாள். எடுத்த பிறகுதான் பார்த்தாள். ஏ.சி. பெட்டி, ஜன்னல் திறக்காது.

"என்னடா இது, ஆத்தாளுக்குக் காசு போடக்கூட வழியில்லாம ஒரு ரயிலு!"

கண்ணாடி வழியாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பல்லார்ஷாவில் மகாராஷ்டிரா ஆரம்பம். நாக்பூரில் ஆரஞ்சு. சாயங்காலம் ஹோஷங்காபாத் அருகே நர்மதை. ஊருக்கு 2022-ல் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆறு என்னவோ அதே ஆறுதான். அங்கேயும் காசு போட முடியவில்லை. முடிச்சில் கோதாவரிக்கு இரண்டு ரூபாய், நர்மதைக்கு இரண்டு ரூபாய் என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. பி.காம். படித்தவன் நான். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் 'அவுட்ஸ்டாண்டிங் லயபிலிட்டி'.

விடியற்காலை புதுடெல்லி ஸ்டேஷன். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் ஒருவன் ஓடி வந்து அம்மா காலில் விழுந்தான். குல்லாவைக் கழற்றிய பிறகுதான் தம்பி என்று தெரிந்தது.

டெல்லியிலிருந்து யமுனையைத் தாண்டினால் நொய்டா. ஆற்றின் இந்தப் பக்கம் டெல்லி, அந்தப் பக்கம் உத்தரப் பிரதேசம். 'நியூ ஓக்லா இண்டஸ்ட்ரியல் டெவலப்மென்ட் அத்தாரிட்டி' என்ற அமைப்பின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் NOIDA... அதையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள்! 1976 ஏப்ரலில், எமர்ஜென்சி காலத்தில் பிறந்த ஊர். தெருப் பெயரெல்லாம் கிடையாது. செக்டர் 18, செக்டர் 62 என்று நம்பர்தான். "சாமி பேர்ல ஒரு தெரு கூடவா இல்ல?" என்று அம்மா வருத்தப்பட்டாள்.

காளிந்தி குஞ்ச் பாலத்தில் யமுனையைப் பார்த்த பையன், "அப்பாயி, ஐஸ்!" என்று கத்தினான். ஐஸ் இல்லை, நுரை. சாக்கடையும் சோப்பும் ஆலைக் கழிவும் சேர்ந்து பொங்கும் வெள்ளை நுரை. அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள்.

தம்பி வீடு பதினாலாவது மாடி. லிஃப்டில் 12, 12ஏ, 14 என்றுதான் பட்டன். பதிமூன்றுக்குப் பயந்து நம்பரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ராகு காலம் பார்க்கிறவனைக் கேலி பண்ணுகிறவர்கள் அந்த லிஃப்டை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

இரண்டு பெட்ரூம், ஹால், கிச்சன், இரண்டு பால்கனி. அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். கிச்சன் ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டாள். எல்லாம் முடித்து ஹாலில் உட்கார்ந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பத்திரத்தை எடுத்துட்டு வா கண்ணு, சாமிகிட்ட வெச்சுக் கும்பிடுவோம்."

தம்பி அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.

"பத்திரம் இன்னும் ஆகலம்மா. சாவி கொடுத்துட்டாங்க. ரெஜிஸ்ட்ரி பாக்கி இருக்கு."

"சாவி இருக்கு, பத்திரம் இல்லன்னா, இது யார் வீடுடா?"

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லத் தம்பிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

2013-ல் புக் பண்ணியிருக்கிறான். மூன்று வருஷத்தில் வீடு என்றார்கள் கட்டுகிறவர்கள். பேங்க் லோன் போட்டான். ஏழு மாடி எழும்பியதும் வேலை நின்றது. தம்பி குடியிருந்த வீட்டுக்கு வாடகை, எழும்பாத வீட்டுக்கு ஈ.எம்.ஐ. என்று இரண்டு கையாலும் கட்டிக்கொண்டே இருந்தான், வருஷக்கணக்காக. தீபாவளிக்கு ஊருக்கு வராத வருஷங்களில், "லீவு கிடைக்கலம்மா" என்று போனில் சொல்வான். கிடைக்காதது லீவு இல்லை, டிக்கெட் காசு என்பது இப்போதுதான் வெளியே வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொரு விசேஷம் பாருங்கள். நொய்டாவில் நிலம் அத்தாரிட்டிக்குச் சொந்தம். கட்டுகிறவர்களுக்கு 90 வருஷக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. நாம் ஃப்ளாட் வாங்கினால் அந்தக் குத்தகையில் ஒரு உள்குத்தகை. அதைப் பதிவு செய்வதுதான் ரெஜிஸ்ட்ரி. கட்டுகிறவர் அத்தாரிட்டிக்கு நிலத்துப் பணத்தைப் பாக்கி வைத்தால், முழுப் பணமும் கட்டிவிட்ட அப்பாவிக்கும் ரெஜிஸ்ட்ரி நின்றுபோகும். பந்தியில் ஒருத்தர் சாப்பிட, கை கழுவுவது இன்னொருத்தர்!

தம்பி மட்டும் இல்லை. மத்திய அரசு அமிதாப் காந்த் தலைமையில் அமைத்த குழு 2023-ல் கொடுத்த அறிக்கைப்படி, நாடு முழுக்கச் சிக்கலில் இருந்த வீடுகள் சுமார் 4.12 லட்சம். அதில் 2.4 லட்சம் டெல்லியைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியில்! பில்டர் பாக்கி வேறு, வாங்கினவர் ரெஜிஸ்ட்ரி வேறு என்று பிரிக்கச் சொன்னது குழு. 2023 டிசம்பரில் உ.பி. அரசு, பாக்கியில் 25 சதவீதத்தை முதலில் கட்டினால் ரெஜிஸ்ட்ரிக்கு வழி என்று அறிவித்தது. அந்த வரிசையில்தான் தம்பி நிற்கிறான். ரெஜிஸ்ட்ரிக்கு முத்திரைத்தாள் செலவு தனி. அதற்கும் சேர்த்துவைக்க வேண்டும்.

"தொண்ணூறு வருஷம் கழிச்சு?" என்றாள் அம்மா.

"அப்ப நாம யாரும் இருக்க மாட்டோம்மா."

"பேரன் இருப்பான்ல?"

தம்பியிடம் பதில் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காரில் செக்டர் 93ஏ பக்கமாகப் போனோம். 2022 ஆகஸ்ட் 28-ம் தேதி இரட்டைக் கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்களே, அந்த இடம். விதிகளை மீறிக் கட்டியதாக 2021-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. குதுப் மினார் 73 மீட்டர் என்றால் இவை ஏறக்குறைய 100 மீட்டர். 3,700 கிலோ வெடிமருந்து. ஒன்பது செகண்டில் தரைமட்டம். வழக்குப் போட்டவர்கள் பக்கத்து பிளாக்கில் குடியிருந்த சாதாரண மனிதர்கள். சுமார் பத்து வருஷம் விடாமல் நடத்தினார்கள். "அவங்களைப் பார்த்துத்தான் அண்ணே எங்களுக்கும் தைரியம். ஞாயித்துக்கிழமை ஆனா அசோசியேஷன் மீட்டிங், அத்தாரிட்டி ஆபீஸுக்கு மனு" என்றான் தம்பி. ஊரில் பேங்க் சலான் பூர்த்தி பண்ணக்கூட என்னைக் கூப்பிட்ட பையன்!

அம்மா அதற்குள் பதினாலாவது மாடியில் கும்பகோணத்தை ஸ்தாபிக்க ஆரம்பித்திருந்தாள். முதல் நாள் விடிகாலையில் வாசலில், அதாவது லிஃப்டுக்கு எதிரே, ஐந்து புள்ளிக் கோலம். ஏழரைக்குத் துடைப்பத்தோடு வந்த பெண் அரை நிமிஷத்தில் துடைத்துவிட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வந்த பெண் கோலத்தைக் குனிந்து பார்த்து, "ஆல்பனா?" என்றாள். வங்காளத்துப் பெண். அவர்கள் ஊரிலும் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் கோலம் போடுகிறார்களாம். மறுநாளிலிருந்து கோலத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

குளிர் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். தம்பி பெண்டாட்டி காலையில் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி செல்போனில் காற்றின் நம்பரைப் பார்ப்பாள். 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்'. 400-ஐத் தாண்டினால் அதற்கும் மேலே. "அத்தை, இன்னிக்கு 380, வாக்கிங் வேண்டாம்." அம்மா தலையாட்டிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு கீழே போய்விடுவாள்.

ஒருநாள் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போனோம். குன்றின் மேலே சுவாமிநாத சுவாமி. 1973-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரி டெல்லியில் அதே பெயரில் முருகனைப் பார்த்தால் கேட்க வேண்டுமா? தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்தோம். தம்பி தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"அம்மா... ஊர் வீட்டுல என் பங்கைக் கொடுத்துட்டா லோன்ல பாதி அடையும். அண்ணே என்ன சொல்றியோ..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் வீடு அப்பா கட்டியது. கீழே நாங்கள். மாடி போர்ஷனில் வாடகைக்கு ஒரு குடும்பம். பங்கு என்று வந்தால் வீட்டையே விற்க வேண்டும். தவிர, ஒரு ரகசியம்: எழுதிப் பிழைக்கிறவனுக்கு மாதம் ஒன்றாம் தேதி நிச்சயமாக வருகிற ஒரே பணம் அந்த மாடி வாடகைதான்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிரசாதத் தொன்னையில் இருந்ததைப் பேரன் பேத்திகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"வீட்டை விக்க வேணாம். அது பத்திரம் இருக்கிற வீடு. மாடி வாடகை இனிமே சின்னவனுக்குப் போகட்டும், ரெஜிஸ்ட்ரி ஆகிற வரைக்கும். பெரியவன் ரெண்டு கட்டுரை கூட எழுதுவான்."

என் வருமானத்தைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையாக இதுவரை யாரும் பேசியதில்லை! வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தீபாவளிக்கு வராத வருஷங்கள் ஞாபகம் வந்தன. "சரிம்மா" என்றேன். தம்பி படியைப் பார்த்தபடியே மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். குளிர் என்று சொன்னான்.

ஆபீஸில் இருந்துகொண்டு ஃப்ளாட் விளம்பரத்தை மடித்துப் பையில் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி ப்ராஜெக்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். விலை கார்ப்பெட் ஏரியாவுக்கா என்று கேளுங்கள். 'சூப்பர் ஏரியா'வில் லிஃப்டும் மாடிப்படியும் கூட உங்கள் கணக்கில் வந்துவிடும். நிலம் யாருடையது, அதற்குப் பாக்கி உண்டா என்று விசாரியுங்கள். சாவி வாங்கும் முன், குடியேறலாம் என்ற சர்ட்டிபிகேட்டைக் கண்ணால் பாருங்கள். பெண் பார்க்கப் போகும்போது கேட்கிற கேள்விகளில் பாதி கேட்டால் போதும்.

அம்மா எங்களோடு திரும்பவில்லை. மாசி வரை அங்கேதான் இருந்தாள். துளசி முளைத்தது. ராத்திரிக் குளிரில் கருகாமலிருக்க அதற்குப் பழைய புடவையைப் போர்த்தினாளாம். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் பையனிடம் கொடுத்து, "ஊருக்குப் போய் காவேரியில போட்டுடு. எல்லா ஆத்தாளுக்கும் சேர்த்து" என்றாள். போட்டான்.

போன வாரம் மாடி வீட்டுக்காரர் வந்தார்.

"என்ன சார், வாடகைக்குத் தம்பி ஜிபே நம்பரைக் கொடுத்திருக்கீங்க? திடீர்னு என்ன?"

"வீடு வாங்கிக்கிட்டிருக்கோம் சார்" என்றேன்.