நியூகேட் வாசலில் ஒரு சித்தி

1798 ஜூன் 3, இரவு. டப்ளின் கிரீன் தெருவில், நியூகேட் சிறை வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. லேடி லூயிசா கொனோலி இறங்குகிறார், வயது 54. அவர் பின்னால் ஹென்றி, உள்ளே கிடப்பவரின் அண்ணன். வண்டி அயர்லாந்தின் சான்சலர் கிளேர் பிரபுவுடையது. கலகக்காரர்களிடம் கடுமை காட்டுவதில் பெயர்போன மனிதர், இன்று தாமே இவர்களை அழைத்து வந்திருக்கிறார். முன்னதாக வைஸ்ராய் கேம்டனிடம் லூயிசா மண்டியிட்டுக் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

உள்ளே கிடப்பவர் லார்ட் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். லூயிசாவின் அக்கா மகன். லென்ஸ்டர் கோமகனின் பிள்ளை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கலகத்தில் இறங்கிய 'ஐக்கிய அயர்லாந்துக்காரர்கள்' அமைப்பின் படைத்தலைவர். 1792இல் பாரிஸ் விருந்து ஒன்றில் எல்லார் முன்னிலும் தம் பட்டத்தைத் துறந்தார். பிரிட்டிஷ் ராணுவம் அவரை உடனே வெளியேற்றியது. பட்டம் போனது பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. அவர் துறந்தாலும் ஊர் அதை விடவில்லை. கலகக்காரர்களுக்குக்கூட அவர் கடைசிவரை 'லார்ட் எட்வர்ட்'தான்.

மே 19 அன்று தாமஸ் தெருவில் ஓர் இறகு வியாபாரியின் மாடியில், காய்ச்சலோடு படுத்திருந்தபோது பிடித்தார்கள். தலைக்கு விலை ஆயிரம் பவுன். கத்தியோடு எழுந்தார், கேப்டன் ரயன் வயிற்றில் குத்துப்பட்டுச் சில நாளில் இறந்தார். மேஜர் சர் சுட்ட குண்டு எட்வர்டின் தோளில் பாய்ந்தது. இப்போது காயம் சீழ் பிடித்து ஜுரம் தலைக்கேறியிருக்கிறது. நேற்று இதே சிறையின் முன்னால் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் சத்தம் இவர் படுக்கைவரை கேட்டது.

சித்தியை அடையாளம் கண்டுகொள்கிறார். மனைவி பமீலாவைப் பற்றிப் பேச்சு வருகிறது. அரசு உத்தரவால் அவள் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள் என்கிறார் லூயிசா. பிள்ளைகளைக் கேட்கிறார். மூன்று பேர், கடைசிப் பெண் லூசி, தகப்பன் தலைமறைவாக இருந்தபோது பிறந்த கைக்குழந்தை. ஹென்றியைப் பார்த்ததும் முத்தமிடுகிறார்.

டோனி ஸ்மால் இங்கே இல்லை. 1781இல் தென் கரோலினாவின் யூட்டா ஸ்பிரிங்ஸ் போர்க்களத்தில் மயங்கிக் கிடந்த எட்வர்டைத் தன் குடிசைக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்கவைத்தவர். அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பர். அன்றிலிருந்து பிரியாதவர். ஆனால் தலைமறைவு நாட்களில் டோனி பக்கத்தில் போகவே முடியவில்லை. டப்ளினில் அந்த முகத்தைத் தெரியாதவர் இல்லை. அவர் போகும் வீடு எதுவோ, அதுவே ஒளிவிடம் என்றாகிவிடும். இந்தக் குடும்பக் கதையில் என் கண் போய் நிற்பது டோனியிடம்தான். சான்சலரின் வண்டியில் அவருக்கு இடம் ஏது?

அன்று அயர்லாந்தின் சிறைகளில் எத்தனையோ குடியானவர்கள் கிடந்தார்கள். அவர்களுக்கும் சித்திகள் இருந்திருப்பார்கள். லூயிசாவுக்கு வாசல் திறந்தது, எட்வர்ட் வேண்டாமென்று உதறிய அந்தப் பிரபு குலத்தின் செல்வாக்கால். லண்டனில் தாயார் எமிலியும் அதைக் கொண்டுதான் விசாரணையைத் தள்ளிவைக்க இளவரசர்கள் வழியாக முயன்றுகொண்டிருந்தார்.

சிறைக்குள் எட்வர்டுக்குக் கண் சொருகுகிறது. தூங்கு, காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே வருகிறார்கள். கிளேர் பிரபு அதுவரை காத்திருக்கிறார். ஜூன் 4, அதிகாலை இரண்டு மணியளவில் எட்வர்ட் இறந்தார். வயது 34.

செயின்ட் வெர்பர்க் தேவாலயத்தின் நிலவறையில் ஓசையில்லாமல் அடக்கம் செய்தார்கள். விசாரணை நடக்கவே இல்லை. இருந்தும் நாடாளுமன்றம் செத்த மனிதரைத் துரோகியாக்கிச் சட்டம் போட்டுச் சொத்தைப் பறித்தது. அதன் மேலவைக்குத் தலைவர் அதே கிளேர் பிரபு. 1819இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பிள்ளைகளை அதுவரை காக்கவைக்காமல், நிலத்தை விலைகொடுத்து மீட்டுத் தந்தவர் எமிலியின் இரண்டாம் கணவர் ஓகில்வி. ஒருகாலத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரச் சம்பளத்துக்கு வந்த வாத்தியார்.