எந்த ஊதா?

பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, முதலில் பார்த்த சினிமா, பயப்படும் பிராணி, மறக்க முடியாத நாள். பிளஸ் டூ பிள்ளைகளின் ஸ்லாம் புக்கில் வரும் கேள்விகள் இவைதாம். பிராக்டிகல் முடிந்து பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நாளில் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். இதயம் அச்சடித்த அட்டை, குட்டிப் பூட்டு, ஜெல் பேனாவில் வரைந்த ஓரப்பூ, போட்டோ ஒட்ட ஒரு கட்டம். தமிழ் டீச்சராக இருந்த காலம் முழுக்க என்னிடமும் வந்தன. வராந்தாவில் நின்றபடியே எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. “நாளைக்குத் தாரேன்” என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். ஓய்வுபெற்ற பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. தங்கையின் பேத்தி வாட்ஸாப்பில் கேள்வி அனுப்புகிறாள். நான் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இதை நான் மனதாரச் செய்கிறேன். விளையாட்டுக் கேள்விக்கும் சரியான பதில் என்று ஒன்று உண்டு. அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

பேனாவைத் திறக்கும் முன்பே ஒரு பதில் தயாராக வந்து நிற்கும். பிடித்த நிறம் நீலம், பிடித்த உணவு பிரியாணி, பிடிக்காதது பொய் பேசுவது. இந்தப் பதிலில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் இதையே எழுதியிருப்பார்கள். புத்தகத்துக்காரி படித்துவிட்டு உங்களைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொள்ள மாட்டாள். அதனால் முதலில் வரும் பதிலை மனதில் ஓரமாக வைத்துவிட்டு, அதையே திருப்பிக் கேட்கிறேன்: எந்த நீலம்? எங்கே பார்த்தது?

நிறக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன், சொத்தைக் கேள்வி என்று எல்லோரும் ஒதுக்குவது அதுதான். எனக்குப் பிடித்த நிறம் ஊதா. இதை மட்டும் எழுதினால் சேலைக் கடைக்காரருக்குத்தான் உதவும். என் அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவள். அப்போது பெட்டிகள் அட்டையில் வரவில்லை. மெலிதாகச் சீவிய மரத்தகட்டை மடித்து, அதன்மேல் ஊதாத் தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சுவாள். பசை பட்டதும் தாள் கறுத்து, மழைக்கு முந்தைய மேகம்போல் ஆகும். முற்றத்து வெயிலில் காய்ந்த பிறகு வெளுத்துச் சாதாரணத் தாளாகிவிடும். எனக்குப் பிடித்தது அந்த ஈர ஊதா. ஒட்டியதற்கும் காய்வதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் இருக்கும் நிறம் அது. அம்மாவின் வலது கைப் பெருவிரல் நகத்தோரத்தில் அது எப்போதும் இருக்கும், குளித்தாலும் போகாது.

ஸ்லாம் புக்கில் நிறத்துக்கு ஒதுக்கிய கோடு ஒரு விரல் நீளம். நான் அதைத் தாண்டிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். மறுநாள் அந்தப் பிள்ளை ஓடி வந்து, “எங்க ஆச்சியும் பெட்டி ஒட்டுச்சாம் டீச்சர், அது விரல்லயும் ஊதா இருந்துச்சாம், நேத்துத்தான் கேட்டேன்” என்றாள். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஆச்சியிடம் அவள் கேட்டிராத விஷயம். ஒரு பதில் சரியாக அமைந்தால் கேட்டவரை இன்னொருவரிடம் கேள்வியோடு அனுப்பி வைக்கும். அதைக் கண்ட பிறகுதான் இந்தச் சின்னக் கோடுகள்மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

இந்த விளையாட்டு நம் பிள்ளைகள் கண்டுபிடித்தது இல்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘கன்ஃபெஷன்ஸ்’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு நடந்தது. விருந்தாளி வந்தால் ஆல்பத்தை நீட்டுவார்கள். லண்டனில் குடியிருந்த கார்ல் மார்க்ஸிடமும் அவர் மகள்கள் நீட்டினார்கள். 1865-இல் அவர் எழுதிய பதில்கள் அச்சில் கிடைக்கின்றன. பிடித்த நிறம் சிவப்பு. பிடித்த வேலை புத்தகத்தில் புழுவாய்க் கிடப்பது. பிடித்த வீரர்கள் ஸ்பார்டகஸும் கெப்ளரும். அடிமைகளைத் திரட்டியவனும் கோள்களின் பாதையைக் கணக்கிட்டவரும் அடுத்தடுத்து. பிடித்த உணவு மீன். பிடித்த பெயர்கள் லாரா, ஜென்னி. கேட்ட மகள்களின் பெயரே லாரா, ஜென்னி! இந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் அன்பு பொங்கும். கேட்பவரைப் பார்த்துச் சொன்ன பதில் அது.

மூன்று ஆண்டு கழித்து ஏங்கல்ஸ் அதே குடும்பத்து ஆல்பத்தில் எழுதினார். மார்க்ஸ் மகிழ்ச்சி என்பதற்குப் போராடுவது என்றும் துன்பம் என்பதற்கு அடிபணிவது என்றும் எழுதியிருந்தார். ஏங்கல்ஸோ மகிழ்ச்சிக்கு ஒரு மதுவின் பெயரையும் அது விளைந்த ஆண்டையும் எழுதினார்: ஷாத்தோ மார்கோ, 1848. துன்பத்துக்குப் பல் டாக்டரிடம் போவது. 1848 ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்த ஆண்டு என்பதையும் அவர் நினைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஸ்லாம் புக் கலைக்கு ஏங்கல்ஸே பெரிய வாத்தியார் என்பேன். மார்க்ஸின் ‘போராட்டம்’ அவர் புத்தகங்களிலேயே இருக்கிறது. ஏங்கல்ஸின் பல்வலி இங்கே மட்டும்தான் கிடைக்கும்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்த் இதே கேள்விகளுக்கு இரண்டு முறை பதில் எழுதியவர். முதல் முறை எழுதியபோது இன்னும் பதின்பருவப் பையன். பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதியான ஃபெலிக்ஸ் ஃபோரின் மகள் அந்துவானெத் வைத்திருந்த ஆங்கில ஆல்பம் அது. அந்தப் பக்கங்கள் 2003-இல் பாரிஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயின. பதில்களில் பாதி, அந்த வயதுப் புத்திசாலிப் பையன்கள் எழுதுவதுதான்: பிடித்த வீரர்கள் யார் என்றால் சாக்ரடீஸ், பெரிகிளீஸ் என்று நீளும் பட்டியல். துன்பம் எது என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் அம்மாவைப் பிரிந்திருப்பது என்று எழுதிவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, இருபதை ஒட்டிய வயதில், இன்னொரு தாளில் எழுதியபோது அதே இடத்தில் அம்மாவையும் பாட்டியையும் அறியாமலே போயிருந்தால் அதுதான் என்றார். பிரிவு என்ற பயம், அவர்களே இல்லாத ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதாக வளர்ந்துவிட்டது. ஒரே கேள்விக்குக் கொஞ்ச வருஷ இடைவெளியில் மறுபடி எழுதிப் பார்ப்பதன் பயன் இதில் தெரிகிறது. நானும் பழைய பதிலைப் பார்க்காமல் மறுபடி எழுதுவேன். பிறகுதான் இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பேன்.

தேநீரில் தோய்த்த மதலேன் கேக்கின் ருசியிலிருந்து ஊரையே மீட்டெடுக்கும் அவர் நாவலின் பகுதி உலகப் புகழ்பெற்றது. நாவலின் முதல் பாகம் 1913-இல் வந்தது. அதற்கு முந்தைய கையெழுத்துப் படிகளில் அந்த இடத்தில் கேக் கிடையாது. சுட்ட ரொட்டித் துண்டுதான் இருந்தது. நாவலாசிரியர் மாற்றலாம், அது அவர் உரிமை. ஸ்லாம் புக்கில் எழுதுகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பது என் கட்சி. ரொட்டி என்றால் ரொட்டி என்றே எழுத வேண்டும். கேட்ட பிள்ளை நம்மை நம்பிக் கேட்கிறாள்.

சரி, அந்த ஒற்றைப் பதிலை எப்படித் தேடுவது? நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொன்னது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. 1879-இல் பிரான்சிஸ் கால்டன் சொற்களைத் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தன் மனதில் எழுந்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். அவற்றில் கணிசமான பங்கு இளம்பருவத்திலிருந்து வந்தவை. நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவில் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலமே அடர்த்தியாக இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. முதல் முறை நடப்பவை அந்தக் காலத்தில்தான் அதிகம் என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதனால் ‘முதல்’ என்று தொடங்கும் கேள்வி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். முதல் டூரிங் டாக்கீஸ், முதல் தாவணி, முதல் சம்பளத்தில் வாங்கியது என்று எது கேட்டாலும் பதில் பக்கத்திலேயே இருக்கும்.

மார்ட்டின் கான்வே என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சொந்த வாழ்க்கையின் நினைவை அடுக்குகளாகப் பிரித்தார். மேலே ஒரு பருவம், அதற்குக் கீழே திரும்பத் திரும்ப நடந்தவை, அடியில் ஒரு குறிப்பிட்ட நேரத்தின் சத்தமும் நிறமும். நாம் பேசும்போது நடு அடுக்கோடு நின்றுவிடுகிறோம். பிடித்த சாப்பாடு என்ன? கல்யாண வீட்டுச் சாப்பாடு. அது நடு அடுக்கு. இன்னும் ஒரு படி இறங்கினால் எனக்குச் சுண்டக்கறி. கல்யாணத்துக்கு மறுநாள் மிச்சமான சாம்பார், அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டச் சுண்டக் காய்ச்சுவது. எங்கள் பக்கத்தில் விருந்தைவிட அதற்குத்தான் போட்டி. இன்னும் ஒரு படி இறங்கினால் என் சித்தப்பா கல்யாணத்துக்கு மறுநாள். வாசலில் பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மை அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் ஓரத்தில் பிடித்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி, சோற்றில் பிசைந்து எங்கள் கையில் உருட்டி வைக்கிறாள். அவியலில் போட்ட முருங்கைக்காய் முழுக்கக் கரைந்து நார் மட்டும் பல்லில் மாட்டுகிறது. புளிப்பா, காரமா, இனிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த அடி அடுக்குக்கு வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன்.

வழிக்கு வராத கேள்விகளும் உண்டு. ‘மறக்க முடியாத நாள்’ அதில் முதலாவது. கேட்டவுடன் கல்யாணம், பிரசவம், சாவு என்று பெரிய நாள்கள் வரிசைகட்டும். அவற்றை ஒரு கோட்டில் எழுதக் கூடாது. எழுதினால் அந்த நாளுக்கும் மரியாதையில்லை, கேள்விக்கும் மரியாதையில்லை. காரணமே தெரியாமல் மனதில் தங்கிப்போன ஒரு சாதாரண நாளை நான் தேர்ந்தெடுப்பேன். ‘பிடிக்காதது எது’ என்றால் நல்லொழுக்கம் பேசாமல் நேராக எழுதிவிடுவேன்: ஆறிப்போன உப்புமா. ‘லட்சியம்’ என்ற கோட்டை மட்டும் வெற்றாக விட்டுவிடுவேன், அது அந்தப் பிள்ளைகள் வயதுக்கான கேள்வி.

நாளையும் கிழமையையும் நினைவுக்குக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவர வேண்டும். 1940 முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது உ.வே.சாமிநாதையருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்த நாள் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை என்று அதில் பதிவாகியிருக்கிறது. என்ன படித்திருக்கிறீர்கள் என்பதுதான் முதலியார் அன்றைக்குக் கேட்டது. ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்கினார். முதலியாருக்கு அது போதவில்லை; இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று மேலே கேட்டார். அந்தப் பேச்சில்தான் சீவக சிந்தாமணி வந்தது. 1887-இல் அது ஐயர் பதிப்பாக அச்சேறியது. தம்மைப் பற்றிய ஒரு கேள்விக்கு, தெரிந்ததை மட்டும் ஒளிக்காமல் அடுக்கிச் சொன்ன பதில் எத்தனை தூரம் போயிற்று என்று பிளஸ் டூ வகுப்பில் நான் சொல்லாத வருஷம் இல்லை.

ஸ்லாம் புக்கின் கடைசிப் பக்கத்தில் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு கட்டம் இருக்கும். புத்தகத்துக்காரியைப் பற்றி நாம் எழுத வேண்டும். ‘நல்ல பொண்ணு, நல்லா படி, வாழ்த்துகள்’ என்று அந்தக் கட்டம் ஊரெங்கும் நிரம்பிக் கிடக்கிறது. நம் ருசியைச் சொல்ல இறங்கிய அதே அடி அடுக்குக்கு இங்கேயும் இறங்க வேண்டும், இந்த முறை நாம் கண்ணால் பார்த்ததைத் தேடி. ஒரு பிள்ளைக்கு எழுதினேன்: ‘சாரல் அடித்த அன்று போர்டு துடைக்கும் துணியை நீ பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டாய். சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடும்போது திரும்பி வந்து அதை எடுத்து மடித்து வைத்தாய்.’ அவள் படித்துவிட்டு, “இதெல்லாமா பாத்துக்கிட்டிருந்தீங்க?” என்று கேட்டாள். வருஷம் முழுக்க ஒரு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் போகாது. ஆனால் கேள்வி வந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஜூன் மாதமே பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

என் பதிலை அனுப்பிய பிறகு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பதும் என் வழக்கம். போன வாரம் தங்கையின் பேத்தி, “ஆச்சி, ஒங்களுக்கு எந்த வாசன புடிக்கும்?” என்று கேட்டிருந்தாள். எழுதி அனுப்பினேன். உனக்கு எது என்று கேட்டேன். உடனே ‘ரோஸ்’ என்று வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து இன்னொரு பதில் வந்தது: புதுச் செருப்பு டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் தாள். எந்தச் செருப்பு, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறேன்.